குடிசை இருந்த இடம்

புதுச்சேரிக்குப் போனால் பெரிய மார்க்கெட்டுக்குள் ஒரு முறை நுழையாமல் நான் திரும்புவதில்லை. கூபேர் மார்க்கெட் என்று பெயர் வைத்தார்கள். ஊரார் வாயில் அது பெரிய மார்க்கெட்தான். மீன் பகுதியில் சங்கராவின் விலையைக் குறைக்க நான் செய்த பிரயத்தனம் வழக்கம் போல் தோல்வியுற்றது. தோல்வியை மறைக்க, "அம்மா, உங்களுக்கு எந்த ஊர்?" என்றேன்.

"வீராம்பட்டினம் ஐயா. அரிக்கமேட்டுக்குப் பக்கம்."

"அங்கேதான் போகிறேன், பழைய சின்னங்களைப் பார்க்க."

"பழசுதானே? எங்க மாமியார் குடிசை இருந்த இடம் இருக்குது. அதையும் வந்து பாருங்களேன்!" என்று சிரித்தார் அந்த அம்மாள்.

முதலில் அரிக்கமேட்டுக்கே சென்றேன். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் தோப்புக்கு நடுவே இடிந்த சுவர்கள் நிற்கின்றன. ரோமாபுரியார் கட்டியவை என்று மெய்சிலிர்த்து விடாதீர்கள். நானும் ஒரு நிமிஷம் ஏமாந்தேன். அவை 18-ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் கட்டிய மடத்தின் மிச்சம். 1945-இல் வீலர் துரை தோண்டிக் கண்ட, சுமார் 150 அடி நீளமுள்ள செங்கல் கிடங்கு மறுபடியும் மண்ணுக்குள் போய்விட்டது.

ரோமானியக் கப்பல்கள் வருமுன் இங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி அவர் ஒரு சித்திரம் தீட்டினார். நத்தையும் ஆமையும் பொறுக்கி, வலை வீசி, அவசரமோ ஊக்கமோ இன்றி வயிற்றை நிரப்பிக்கொண்ட சாதாரணச் செம்படவர்களாம்! இதை வாசித்தது முதல் எனக்கு உள்ளூரக் கோபம். செங்கல் சாட்சி சொல்லும். கீற்றும் சவுக்குக் கழியும் எப்படிச் சாட்சி சொல்லும்? உப்புக் காற்றும் கறையானும் விட்டுவைத்தால் அல்லவா? 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி அம்மையார், ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இவ்விடம் வியாபாரம் நடந்த ஊர்தான் என்று காட்டினார். ஊக்கமில்லாதவர்களைத் தேடியா அயல்நாட்டார் கடல் கடந்து வந்தார்கள்?

மாலையில் வீராம்பட்டினம் போனேன். கூடையை இறக்கிவிட்டு அந்த அம்மாளே இடத்தைக் காட்டினார். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி வந்த அலையில் குடிசை போய்விட்டது. மணலில் முக்கால் பாகம் புதைந்த ஒரு மரத்தூண். பக்கத்தில் நடு தேய்ந்து குழிந்த ஓர் அம்மிக்கல். அவ்வளவே. மாமியாருக்கும் மாமியார் அரைத்த கல்லாம்.

அந்த ஊர்த் தெய்வமும் ஒரு செம்படவர் வீட்டிலிருந்து வந்ததுதான். வலையில் சிக்கிய மரக்கட்டையை விறகுக்கென்று ஒருவர் வீட்டில் போட்டு வைத்தாராம். அவர் மனைவி கோடரியால் பிளக்கப் போனபோது இரத்தம் பீறிட்டதாம். செங்கழுநீர் அம்மன் கோயில் எழுந்த கதை இது. ஆடித் தேருக்குப் பிரெஞ்சுக் கவர்னர்களே வந்து வடம் பிடித்திருக்கிறார்கள். கட்டை கிடந்த அந்த வீடு எங்கே என்று கேட்டேன். எதிரே கடலைக் காட்டினார்.

"இந்த அம்மியைப் புது வீட்டுக்குள் கொண்டுபோகலாமே?" என்றேன்.

"வீட்டிலே மிக்ஸி இருக்குது ஐயா. ஆடி மாசத்திலே அம்மனுக்கு மஞ்சள் மட்டும் இதிலேதான் அரைப்போம். கல்லு இங்கேயே கிடக்கட்டும். எடுத்துட்டா, வீடு எங்கே இருந்துதுன்னு எங்க பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?"

குழிவில் தேங்கியிருந்த மணலைக் கையால் வழித்து எறிந்துவிட்டு, மீன் கூடையைக் கழுவப் போனார்.