கடகடக்கும் மட்கார்டு

(தோழியர் நால்வர் சார்பில், பத்தாம் வகுப்பு மாணவி)

தென்காசிக்காரர்களுக்கு ஆனி பிறந்ததை அறிய நாட்காட்டி தேவையில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வரும். காற்றோடு சாரல் வரும். சாரலைத் தேடிக் குற்றாலத்துக்கு வண்டிகள் வரிசையாக வரும். இந்தக் காற்று, சாரல், வண்டி வரிசை ஆகிய மூன்றுக்கும் நடுவே சைக்கிளில் பள்ளிக்கு வந்து போகிறவர்கள் நாங்கள். இலஞ்சியிலிருந்து ஒருத்தி, மேலகரத்திலிருந்து இருவர், குற்றாலத்திலிருந்து ஒருத்தி என நால்வர்.

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "நீங்கள் குற்றாலச் சாலையில் தினமும் வருகிறவர்கள்தானே, அருவியைப் பற்றி எழுதுங்கள்" என்றார் தமிழாசிரியை. பேரருவியும் ஐந்தருவியும் மலரில் ஆண்டுதோறும் கொட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. எங்களுக்கோ அருவியின் ஓசையைவிட அதிகம் பழகிய ஓசை ஒன்று உண்டு. அது சைக்கிள் மட்கார்டின் கடகடவென்ற ஓசை. அதைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டோம். ஆசிரியை முதலில் சிரித்தார்; பிறகு, "எழுதுங்கள், உபயோகமாக இருக்க வேண்டும்" என்றார். உபயோகமாக இருக்கும் என்று நம்புகிறோம்.

மட்கார்டு எதற்காக இருக்கிறது? சுழலும் சக்கரத்தை விட்டு விலகும் நீர்த்துளி தொடுகோட்டின் வழியே நேராகப் பறக்கும் என்பது நமக்குத் தெரியும். ஈரச் சாலையில் பின்சக்கரம் எறியும் நீர் ஓட்டுபவளின் முதுகைத் தேடி வரும். முன்சக்கரம் எறியும் நீர் காலையும் செயினையும் நனைக்கும். மழைக் காலத்தில் மட்கார்டு இல்லாத சைக்கிளில் வந்தால், வெள்ளைச் சட்டையின் முதுகில் இடுப்பு முதல் பின்னல் வரை ஒரு சேற்றுக்கோடு விழும். காலை வழிபாட்டில் நிற்கும் வரிசையைப் பின்னாலிருந்து பார்த்தால், யார் எந்த வண்டியில் வந்தார்கள் என்பதைச் சட்டையே சொல்லிவிடும். சட்டையைத் துவைக்கும் அம்மாமாருக்கு மட்கார்டின் அருமை நன்றாகத் தெரியும்.

ஆனால் மட்கார்டு சரியாக நிற்க வேண்டும். சரியாக நில்லாத மட்கார்டு, மட்கார்டே இல்லாததைவிட ஆபத்தானது. இதை நாங்கள் சென்ற ஆடி மாதத்தில் கண்ணால் பார்த்தோம்.

எங்கள் இலஞ்சித் தோழியின் சைக்கிளில் முன் மட்கார்டைத் தாங்கும் கம்பியின் நட்டு எங்கோ விழுந்துவிட்டது. ஒரு கடையில் கொடுத்தபோது புது நட்டுப் போடாமல் கட்டுக்கம்பியால் நான்கு சுற்றுச் சுற்றி அனுப்பிவிட்டார்கள். சில நாள் ஓசை இல்லை. ஒரு மாலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, கட்டுக்கம்பி நழுவியது. மட்கார்டு டயர்மேல் சரிந்தது. சுழலும் டயர் அதை இழுத்துச் சுருட்டிப் போர்க்குக்கு அடியில் திணித்துவிட்டது. முன்சக்கரம் அப்படியே நின்றது, தோழி நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலாகச் சாலையில் விழுந்தாள். பின்னால் வந்த வேன் ஓட்டுநர் பிரேக் போட்டு நிறுத்தியதால், முழங்காலிலும் தாடையிலும் சிராய்ப்போடு எழுந்தாள். அந்த ஓட்டுநர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவருக்காக மறுநாள் சிற்றாலயத்தில் செபித்தோம்.

காயம் பத்து நாளில் ஆறியது. ஆறாதது வேறொன்று. "இனிமே சைக்கிள் வேண்டாம் தாயி, பஸ்ல போ" என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. மகள் தாடையில் பிளாஸ்திரியோடு நிற்பதைப் பார்த்த அப்பா வேறென்ன சொல்வார்? ஆனால் பஸ் என்றால் மாலைச் சிறப்பு வகுப்பு இல்லை, கூடைப்பந்து இல்லை, நூலகத்தில் ஒரு மணி நேரம் இல்லை. சாரல் காலத்தில் குற்றாலம் போகும் பஸ்ஸில் கால் வைக்கவும் இடம் இல்லை. பையன்கள் விழுந்தால் சைக்கிளை ரிப்பேருக்குக் கொடுப்பார்கள். பெண் விழுந்தால் சைக்கிளையே நிறுத்திவிடுவார்கள். ஒரு சிறிய நட்டு இல்லாமற் போனதற்கு இத்தனை பெரிய விலையா என்று எங்களுக்கு ஆற்றாமையாக இருந்தது.

அதனால் அந்தச் சைக்கிளை நாங்களே சரி செய்வது என்று தீர்மானித்தோம். வழி காட்டியவர் மேலகரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர்க்காரர் என்பதாலோ என்னவோ, நட்டு போல்ட்டைப் பற்றியும் சுவையாகவே பேசுவார். "ஏ பிள்ளையளா, சத்தம் வந்தா வண்டி உங்ககிட்ட ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். என்ன சொல்லுதுன்னு முதல்ல கேளுங்க. ஸ்பேனரைப் பொறவு எடுக்கலாம்" என்றார். இரண்டு சனிக்கிழமைகள் அவர் கடை வாசலில் கற்றதைத் தங்கைமாருக்காக இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

முதல் வேலை, ஓசை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. முன்சக்கரத்தை நான்கு விரற்கடை தூக்கிப் பொத்தென்று விடுங்கள். பின்சக்கரத்தையும் அப்படியே செய்யுங்கள். ஓசை கேட்டால் மணி, கூடை, பூட்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு ஆகியவற்றை ஒருத்தி ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடிக்க, இன்னொருத்தி மறுபடி தூக்கி விட வேண்டும். எதைப் பிடித்தால் ஓசை நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. மட்கார்டைத் திட்டிக்கொண்டிருந்த எங்களில் ஒருத்தியின் வண்டியில், உண்மையில் கடகடத்தது கேரியர்!

இரண்டாவது, மட்கார்டு எங்கெங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வது. முன் மட்கார்டு மேலே போர்க்கின் தலையில் ஒரு போல்ட்டாலும், கீழே இருபுறமும் கம்பிகளாலும் நிற்கிறது. பின் மட்கார்டு பெடல் அச்சுக்குப் பின்னால் ஓரிடம், சீட்டுக்குக் கீழே ஓரிடம், பிறகு இருபுறக் கம்பிகள் என்று நிற்கிறது. கம்பியின் மறுமுனை சில வண்டிகளில் சக்கர அச்சின் நட்டோடு சேர்ந்திருக்கும். சில வண்டிகளில் தனித் துளையில் சிறு போல்ட்டோடு இருக்கும். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் மற்றவை அந்தப் பாரத்தையும் சுமந்து, அவையும் தளரத் தொடங்கும்.

மூன்றாவது, கழற்றுவது. துரு ஏறிய நட்டோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் தானாக இளகிவிடும். அளவு சரியில்லாத ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். எங்கள் வண்டிகளின் மட்கார்டு நட்டுகளுக்கு எட்டு, பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் இரண்டும் போதுமாக இருந்தன.

நான்காவது, பொருத்துவது. எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகி நிறுத்த வேண்டும். பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எல்லா இடத்திலும் ஒரு விரல் தாராளமாக நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் ஒவ்வொரு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் மட்கார்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். முறுக்கி நிற்கும் தகடு நாளடைவில் போல்ட் துளையின் ஓரத்தில் விரிசல் விடும்.

ஐந்தாவது, மறுபடி தளராமல் பார்த்துக்கொள்வது. மட்கார்டும் வண்டியின் இரும்பும் நேராக உரசும் இடத்தில் பழைய டியூபிலிருந்து நாலணா அகலத்துக்கு ஒரு ரப்பர் துண்டு வெட்டி வைத்தால் ஓசை அடங்கும். ஆனால் சக்கர அச்சின் நட்டுக்கு அடியில் ரப்பர் வைக்கவே கூடாது. அங்கே இரும்பு இரும்பைப் பிடிக்க வேண்டும். துளை பெரிதாகிப் போயிருந்தால் அகல வாஷர் போட வேண்டும். சிறு போல்ட்டுகளுக்கு உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுப் போடலாம்; கிடைக்காவிட்டால் ஒரு நட்டின்மேல் இன்னொரு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கலாம். மட்கார்டில் போடும் போல்ட்டின் தலை டயர்ப் பக்கமும், நட்டு வெளிப்பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் போல்ட்டின் நுனி டயரைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக் மட்கார்டானால் பலத்தைக் காட்டி இறுக்கக் கூடாது, அது வெடித்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில வண்டிகளில் முன் மட்கார்டைப் பிடிக்கும் மேல் போல்ட்டே பிரேக்கையும் பிடிக்கிறது. அச்சு நட்டோ சக்கரத்தையே பிடிக்கிறது. இந்த இரண்டையும் தொட்டால், பெரியவர் ஒருவரிடமோ கடையிலோ காட்டிய பிறகே வண்டியில் ஏற வேண்டும். வழியில் மட்கார்டு கழன்றால் கட்டுக்கம்பியை நம்பாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். வகுப்புக்குத் தாமதமானால் நம் சிஸ்டர் மன்னிப்பார், சாலை மன்னிக்காது.

இறுக்கிய நட்டு ஏன் தானாகத் தளர்கிறது என்று அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். நட்டை நிறுத்தி வைப்பது உராய்வு. வண்டி குலுங்கும்போது பிணைந்த இரு தகடுகளும் பக்கவாட்டில் மயிரிழை அளவு நழுவினாலும், அந்தக் கணத்தில் மரைகளுக்கு நடுவேயுள்ள பிடி விட்டுப் போகிறது; நட்டுச் சிறிது பின்னோக்கித் திரும்புகிறது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் இதைச் சோதனை செய்து காட்டினாராம். ஆகவே பள்ளமும் மேடுமான சாலையில் போகும் வண்டியின் நட்டு தளரும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து, வாரம் ஒரு முறை தொட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

இவ்வளவு சிறிய காரியத்தை ஏன் இவ்வளவு பெரிதாக எழுதுகிறோம் என்று பெற்றோர் கேட்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல் குவாரியில் உழைத்த பெண்களும் அவர்களில் இருந்தார்கள். யாரையும் எதிர்பாராமல் தம் வேலைக்குத் தாமே போய்வர அவர்களால் முடிந்தது. நம் மாநில அரசும் 2001-02-இல் ஒரு பகுதி மாணவியருக்கெனத் தொடங்கிய சைக்கிள் திட்டத்தை 2005-06 முதல் விரிவாக்கி, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் சேரும் மாணவ மாணவியருக்குச் சைக்கிள் கொடுத்து வருகிறது. நம் அக்காமார் பலர் அப்படிப் பெற்ற வண்டியில்தான் வருகிறார்கள். சைக்கிள் கொடுப்பதற்கு அரசு இருக்கிறது. ஓட்டக் கற்றுக்கொடுக்க அண்ணனோ அத்தானோ இருக்கிறார். ஆனால் வண்டியைப் பார்த்துக்கொள்ள நமக்கு யாரும் கற்றுத் தருவதில்லை. அது பெண் பிள்ளைகளின் வேலையல்ல என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் இருக்கும் வரை, ஒரு நட்டுத் தளர்ந்தாலே நம் பயணமும் நின்றுபோகும்.

இலஞ்சித் தோழியின் வண்டிக்குப் புது முன் மட்கார்டு போட்டோம். முழுவதையும் அவளே இறுக்கினாள்; நாங்கள் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றோம். பின்பு அவள் வீட்டு முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவள் அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் முன்சக்கரத்தைத் தூக்கிப் பொத்தென்று விட்டார். ஓசை இல்லை. மறுபடி தூக்கி விட்டார். மட்கார்டைப் பிடித்து இரு கையாலும் ஆட்டிப் பார்த்தார். "யாரு மாட்டுனது?" என்றார். "நாந்தான்ப்பா" என்றாள். விரல்களில் கிரீஸ் இன்னும் போகாமல் இருந்தது. சிறிது நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போயிட்டு வா. ஆனா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எங்கிட்ட காட்டணும்" என்றார். இன்றுவரை காட்டி வருகிறாள். இப்போதெல்லாம் அப்பாவே ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம்.

அன்புத் தங்கைமாரே, உங்கள் பென்சில் பெட்டியில் ஸ்பேனர் ஒன்றுக்கும் இடம் கொடுங்கள். பெற்றோரே, உங்கள் மகளின் கையில் கிரீஸ் பட்டால் கோபிக்காதீர்கள். சோப்புப் போட்டால் போய்விடும். நம் பள்ளிச் சைக்கிள் கொட்டகையில் எட்டும் பத்துமாக இரண்டு ஸ்பேனர்கள், ஒரு திருப்புளி, ஒரு டப்பா நட்டும் வாஷரும் வைத்துத் தர வேண்டும் என்று மதரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அடுத்த சாரலுக்குள் கிடைத்துவிட்டால், கடகடவென்று வரும் எந்த வண்டியையும் மாலை மணி அடித்த பின் கால் மணி நேரத்தில் பார்த்துத் தர நாங்கள் நால்வரும் தயாராக இருக்கிறோம். உதவிக்கு வருகிறவர்கள் பழைய டியூப் ஒன்று கொண்டு வரவும்.