படுத்துச் சுடுகிறவரின் பழைய ரைபிள்

பழைய ரைபிள் வாங்கப் போகிறவர் முதலில் பேரலுக்குள்தான் எட்டிப் பார்ப்பார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே வரிகள் மின்னினால் முகம் மலரும். பார்க்கட்டும். ஆனால் இந்தப் போட்டி ரைபிளில் போடும் .22 தோட்டாவின் குண்டு ஈயத்தாலானது, அழுத்தமும் குறைவு. ஒழுங்காகப் பராமரித்த பேரல் பல்லாயிரம் தோட்டா போன பின்னும் உழைக்கும். படுத்துச் சுடுகிறவருக்குப் புள்ளி பறிபோவது பெரும்பாலும் பேரலைத் தாங்கும் மரக்கட்டையில்.

ஐம்பது மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஜாய்தீப் கர்மாகர் படுத்துச் சுடும் போட்டியில் 699.1 எடுத்து நான்காவதாக வந்தார். வெண்கலம் பெற்ற ஸ்லோவேனியாவின் ராய்மண்ட் டெபெவெட்ஸ் எடுத்தது 701.0. எழுபது தோட்டாவில் 1.9 புள்ளி வித்தியாசம்! 2016 ரியோவோடு இந்தத் தனிப்போட்டி ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. மூன்று நிலைப் போட்டியில் மட்டும் படுக்கை நிலை மிஞ்சியிருக்கிறது. 2024இல் பாரிசில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது அதில்தான்.

நெல்லை மாவட்டத்தின் பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்தில் என்.சி.சி.யில் லையிங் பொசிஷனில் சுட்டு ருசி கண்ட ஒருவர் சொந்த ரைபிளுக்கு ஆசைப்பட்டால், விலை பேசுவதற்கு முன்பே காகித வேலை தொடங்கிவிடும். .22க்கு உரிமம் வேண்டும். விற்பவர், யாருக்கு விற்கிறார் என்பதைக் கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். ஆக, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு நடை உண்டு. “மலைக்கு மேலே ஏறி ஒரு ஓரமாகச் சுட்டுப் பார்த்துவிடலாம்” என்கிற பேச்சும் எடுபடாது. மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோவதே குற்றம். சுட்டுப் பார்க்க மதுரை, கோவை, சென்னை என்று ரைபிள் கிளப்புகளைத்தான் தேடிப் போக வேண்டும்.

கைமாறி வருகிறவற்றில் பெயர்பெற்றது ஜெர்மனியின் அன்ஷூட்ஸ், 1856இல் தொடங்கிய கம்பெனி. அதன் 1411, 1413 போன்ற பழைய மாடல்களை இன்றும் நம்பி வாங்கலாம். பார்க்க வேண்டியவற்றை நிதானமாகப் பார்த்தால் போதும். தோட்டா இல்லாத ரைபிளை காக் செய்து, கட்டையின் அடியைத் தரையில் லேசாகத் தட்டும்போது ட்ரிக்கர் தானாக விடுபடக் கூடாது. பேரல் வாயின் விளிம்பில் சிறு நெளிவும் இருக்கக் கூடாது. பின்சைட்டை வலப்பக்கம் பத்து கிளிக், திரும்ப இடப்பக்கம் பத்து கிளிக் திருகிச் சுட்டால் குண்டு பழைய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் சைட்டை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசலாம்.

இனிதான் உண்மையான வேலை. முந்தைய சொந்தக்காரரின் கழுத்து நீளமும் கை நீளமும் அந்தக் கட்டையில் பதிந்திருக்கும். புதியவர் அதற்குள் தன்னைத் திணித்துக்கொள்ளப் பார்ப்பார், கழுத்துவலிதான் மிஞ்சும். முதலில் தோளில் பதியும் பட் பிளேட். கட்டையின் நீளத்தைப் படுத்தபடியே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். மூக்கு, ட்ரிக்கர் கையின் கட்டைவிரலில் முட்டினால் ரொம்பக் குட்டை. அடுத்தது முன்கை முட்டி நிற்கும் தடுப்பான ஹேண்ட் ஸ்டாப். அதை முன்னே தள்ளினால் ரைபிள் தாழும், பின்னே இழுத்தால் உயரும். வலக்கைக்காரரின் இடது முன்கை தரையோடு 30 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது போட்டி விதி. மேற்கையையும் ரைபிளையும் இணைக்கும் வாரான ஸ்லிங் பிறகுதான். ரைபிளின் எடையை ஸ்லிங்தான் தாங்க வேண்டும், தசை அல்ல. மேற்கையில் தப்பான இடத்தில் இறுகினால் நாடித்துடிப்பு அப்படியே முன்சைட்டில் ஆடும்.

கன்னப் பலகை கடைசியில். கண்ணை மூடி, தலையைச் சும்மா சாய்த்துவிட்டுத் திறந்தால் பின்சைட் துவாரத்தின் நடுவே முன்சைட் நிற்க வேண்டும். பழைய மரக்கட்டை பலவற்றில் பலகை அசையாது. மேல்விளிம்பை அறுத்து, இரண்டு உலோகத் தண்டு பொருத்தி உயர்த்தலாம், ஊரில் நல்ல ஆசாரி இருந்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: உயர்த்திய பலகை, போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது இடிக்கும், அதற்கும் இடம் செதுக்க வேண்டும். ஆசாரியிடம் போக வேண்டியது கட்டை மட்டும். தோட்டாவைச் சுடும் பொறியான ஆக்‌ஷனும் பேரலும் உரிமக்காரர் வீட்டுப் பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தனி உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அது லேத் பட்டறை வேலை அல்ல.

பாய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பத்தமடை பக்கத்தில்தான் இருக்கிறது என்று கோரைப்பாயை விரித்தால் முழங்கை வழுக்கும். முரட்டுக் கேன்வாஸ்தான் சரி.

எல்லாம் பொருந்தியதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இலக்கை நோக்கி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறக்க வேண்டும். ரைபிள் விலகியிருந்தால் கையால் தள்ளித் திருத்தக் கூடாது. இடது முழங்கையை அச்சாக வைத்து, இடுப்பையும் காலையும் நகர்த்த வேண்டும். வலது முழங்காலைச் சற்று மேலே மடித்தால் வயிறு தரையில் அழுந்தாது, மூச்சு சீராகும்.

தாமிரபரணிப் பக்கத்து மரக்கட்டைக்கு இன்னொரு தொல்லை. ஐப்பசி கார்த்திகையில் ஈரம் ஏறி மரம் உப்பும், சித்திரையில் சுருங்கும். ஆக்‌ஷனைக் கட்டையோடு பிடிக்கும் இரு திருகுகளின் இறுக்கமும் கூடவே மாறும், குண்டுகள் விழும் இடமும் சிதறும். பேரல் போய்விட்டது என்று விற்க நினைப்பதற்கு முன், டார்க் ஸ்பேனரால் இரண்டையும் பழைய அளவுக்கு இறுக்கி ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்ப்பது நல்லது. அப்போதும் சிதறினால்தான் வெவ்வேறு லாட் எண் போட்ட தோட்டாப் பெட்டிகளை வாங்கிச் சோதிக்கும் செலவுக்கு இறங்கலாம்.