ரோட்டு மரத்துக்குள் ஆணி

டிசம்பர் 6, 2024, வெள்ளி

ஃபெஞ்சல் புயல் கரை கடந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. மண் ஊறிச் சாய்ந்த தூங்குமூஞ்சி மரங்கள் துண்டுகளாகச் சாலையோரம் கிடக்கின்றன. பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகும். மனசு கேட்கவில்லை. வைரம் பாய்ந்த அடிமரத் துண்டு ஒன்றை விலைபேசி வாங்கி, கதிர்காமத்தில் எங்கள் தச்சுப் பட்டறைக்கு எப்போதும் மரம் அறுத்துத் தரும் மில்லுக்குக் கொண்டுபோனேன். மேஸ்திரி கிட்டேயே வரவில்லை.

"ரோட்டு மரமாண்ணே? ஆணி இருக்கும். பிளேடு போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அவர் பயம் நியாயமானது. பேண்ட் சா பிளேடு வேகமாகச் சுழலும் மெல்லிய எஃகுப் பட்டை. இரும்பில் பட்டால் பல் போகும். சில நேரம் பட்டையே அறுந்து தெறிக்கும். 1987இல் கலிஃபோர்னியாவில் அப்படி அறுந்த பிளேடு 23 வயதுத் தொழிலாளி ஒருவரின் தாடையைப் பிளந்தது. அந்த மரத்தில் யாரோ வேண்டுமென்றே இரும்பை அடித்து வைத்திருந்தார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

கல்யாண மண்டப வாசலில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் நண்பரிடம் மெட்டல் டிடெக்டரை இரவல் வாங்கினேன். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் காந்தப்புலத்தை அனுப்புகிறது; எதிரே உலோகம் இருந்தால் அந்தப் புலம் கலைகிறது, உடனே கருவி கத்துகிறது. ஆனால் இந்தக் கைக்கருவிக்குச் சின்ன ஆணி என்றால் இரண்டு மூன்று அங்குல ஆழம்தான் எட்டும்.

எங்கே தேடுவது என்பதை மரமே சொல்லிவிடும். மரம் உயர்வது நுனியில்; அடிமரம் பருக்க மட்டுமே செய்கிறது. ஆறடி உயரத்தில் அடித்த ஆணி முப்பது வருஷம் கழித்தும் அதே ஆறடியில்தான் இருக்கும், மரத்துக்குள் புதைந்து. அதனால் ஆள் கை எட்டும் உயரத்திலிருந்து ஏணி எட்டும் உயரம் வரை சந்தேகம்.

பட்டையைச் சீவிவிட்டு மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். கத்திய இடத்தில் சாக்பீஸ் வட்டம். உளி வைத்து இரண்டு அங்குலம் தோண்டியதும் துருப்பிடித்த ஆணித்தலை. அதன் அடியில் விளம்பரத் தகரத்தின் ஒரு துணுக்கு, மஞ்சள் பெயின்ட்கூடப் போகாமல். ஆணிக்கு மேலும் கீழும் மரத்தின் ரேகையோடு நீலங்கறுப்பாக ஒரு கறை ஓடியிருந்தது. மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்தால் இப்படித்தான் கறுக்கும். வெட்டு முகத்தில் இந்தக் கறை தெரிந்தால், டிடெக்டர் சும்மா இருந்தாலும் நம்பக் கூடாது.

டிசம்பர் 10, செவ்வாய்

மேஸ்திரி ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு பலகை கழிந்ததும் மெஷினை நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டும். சரியான நிபந்தனை. மூன்றாவது பலகை எடுத்த பிறகுதான் ஆழத்தில் இருந்த இன்னோர் ஆணி கத்தியது.

திரும்பும் வழியில் கடற்கரைச் சாலைக்குப் போயிருந்தேன். பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கான நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. பிரான்சில் அந்தப் போர் நடந்த வடகிழக்குக் காடுகளில் இன்றும் மரங்களுக்குள் குண்டுச் சிதறல் கிடக்கிறது. அந்த மரத்துக்கு விலையும் குறைவு. இங்கே அந்தப் போர் நடக்கவில்லை. டியூஷன் சென்டருக்கும் வாடகை வீட்டுக்கும் போர்டு மாட்டியே நம் மரங்களை அந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டோம். கோபம் வருகிறது.

மருத்துவக் கல்லூரிப் பக்கம் நிற்கும் மரங்களில் ஆணித்தலைகள் இன்னும் வெளியே தெரிகின்றன. கடப்பாறை ஆணிபிடுங்கியும் ஏணியும் இருந்தால் இப்போதே எடுத்துவிடலாம். அனுமதி கேட்டு நாளை மனு எழுத வேண்டும்.