பழைய கணினியும் உம்மாவின் கடிதங்களும்

ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்பதற்கும் பயனற்றதாகிவிட்டது என்பதற்கும் இடையே உள்ள தொலைவை நாம் பெரும்பாலும் அளந்து பார்ப்பதில்லை. அளந்து பார்க்க நேர்ந்த ஓர் அனுபவத்தையே இங்கு எழுதத் துணிந்தோம்.

காயல்பட்டினத்தில் நமது இல்லத்தின் கூடத்திலே ஒரு மேசைக் கணினி இருக்கிறது. ஷார்ஜாவில் வேலைக்கமர்ந்த நம் மூத்த மகன், 2011ஆம் ஆண்டு முதல் விடுமுறையில் வந்தபோது தன் சம்பளத்தில் வாங்கி வைத்தது. நெடுங்காலம் அது கடிதம் எழுதவும், மகனின் முகத்தைத் திரையில் காணவுமே பயன்பட்டது. ஈராண்டுகளுக்கு முன்னர்தான் அதற்கு உண்மையான பணி வாய்த்தது.

நம் வாப்பா கொழும்பில் வாணிபம் செய்தவர்கள். ஊரிலிருந்து உம்மா அவர்களுக்கு எழுதிய கடிதங்களனைத்தும் அரபுத்தமிழில் அமைந்தவை. வாப்பா அவற்றில் ஒன்றையும் கிழித்தெறியாமல் தகரப் பெட்டியொன்றில் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். இன்று அக்கடிதங்களின் மை மங்குகிறது. தாள் மடிப்புகளில் ஒடிகிறது. அவற்றை வாசிக்க நம் இல்லத்தில் எஞ்சியிருப்பவர் நாம் ஒருவரே. நமக்குப் பின் அவை வெறும் தாள்களாகிவிடும். ஆதலின் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, கறை நீக்கி, பெரிதாக்கிப் படித்து, தமிழெழுத்தில் பெயர்த்து வைக்கத் தொடங்கினோம்.

கணினியோ ஒத்துழைக்க மறுத்தது. ஒரு படத்தின் கறையை நீக்கக் கட்டளையிட்டுவிட்டு, தேநீர் அருந்தித் திரும்பினாலும் அது அசையாது நிற்கும். மகனிடம் தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டோம். "அதை எறிந்துவிடுங்கள் வாப்பா. புதிதாக வாங்கப் பணம் அனுப்புகிறேன்" என்றார். அன்பினாற் சொன்ன சொல்தான். ஆயினும் அவருக்கு அங்கே வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் எவ்வளவு என்பதை நாம் அறிவோம். அன்றியும், 'எறிந்துவிடுங்கள்' என்ற சொல், எழுபதைக் கடந்த நம் செவியில் சற்று அழுத்தமாகவே விழுந்தது.

நம் மகளின் மகள் கல்லூரியிலே கணினி பயில்பவள். "பொறுங்கள் அப்பா, நோய் எங்கே என்று முதலில் பார்ப்போம்" என்றாள். (நம் ஊரில் பாட்டனாரை அப்பா என்றே அழைப்பர்.) படம் திருத்தப்படும்போது கணினியின் உட்கணக்கைத் திரையில் காட்டினாள். 8 ஜிபி நினைவகத்தில் பாதி சும்மா கிடந்தது. வன்தட்டுக்குப் பதிலாக முன்னரே எஸ்எஸ்டி பொருத்தியிருந்தோம், அதுவும் ஓய்ந்திருந்தது. பிராசஸர் ஒன்று மட்டும் நூற்றுக்கு நூறு உழைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நினைவகமோ வட்டோ குறையாயிருந்தால் பிராசஸரை மாற்றிப் பயனில்லை என்றும், இங்கே குறை அதனிடமே உள்ளது என்றும் விளக்கினாள்.

நம் கணினியில் இருந்தது பென்டியம் ஜி620, 2.6 கிகாஹெர்ட்ஸ் வேகமும் இரண்டு கோர்களும் உடையது. சென்னை சென்றிருந்தபோது, ரிச்சி தெருவில் பழைய பாகங்கள் விற்கும் கடையொன்றில் நாம் ஆராயாமல் ஐ5-4570 ஒன்றை வாங்கிவந்தோம். நான்காம் தலைமுறையாயிற்றே, புதியது நல்லதுதானே என்பது நம் கணக்கு. பேத்தி அதைக் கண்டதும் தலையிலடித்துக்கொண்டாள். நம் மதர்போர்டு எச்61 வகை. அதன் சாக்கெட்டில் 1155 தொடுமுனைகள். நாம் வாங்கியதோ 1150 தொடுமுனைகளுக்குரியது. இரண்டும் பார்வைக்கு ஒரே அளவுதான். ஓரத்திலுள்ள வெட்டுகள் மட்டும் இடம் மாறியிருக்கும். பலவந்தமாக அழுத்தியிருப்போமாயின் சாக்கெட்டின் மயிரிழை போன்ற முனைகள் வளைந்து, இருந்ததும் போயிருக்கும். கடைக்காரர் சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு மாற்றித் தந்தார். அந்த நட்டம் நம் அவசரத்தின் விலை.

இரண்டாம் முறை, மதர்போர்டு தயாரித்தவர்கள் வெளியிட்டுள்ள பட்டியலைப் பார்த்து 2012இல் வெளிவந்த ஐ5-3470ஐத் தேர்ந்தோம். நான்கு கோர்கள், 3.2 கிகாஹெர்ட்ஸ். பழையது 65 வாட். இது 77 வாட். ஆகவே அதற்கேற்ற விசிறியையும் சேர்த்தே வாங்கினோம். ஆனால் இதனை அடையாளங் காண மதர்போர்டிலுள்ள பயாஸ் என்னும் அடிப்படை நிரலைப் புதுப்பித்தாக வேண்டும். அதையும் பழைய பிராசஸர் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். புதுப்பிக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் மதர்போர்டு பிணமாகிவிடக்கூடும். அண்டை வீட்டாரிடம் யூபிஎஸ் இரவல் பெற்று அந்தச் சில நிமிடங்களைக் கடத்தினோம். அதற்கு முன்னரே கடிதப் படங்கள் யாவற்றையும் வேறொரு வட்டில் பிரதியெடுத்து வைத்தோம். இதனைச் செய்யாது யாரும் திருப்புளியைக் கையிலெடுக்க வேண்டாம்.

பிறகு பெட்டியைத் திறந்தோம். விசிறியைக் கழற்றியபோது அதனடியிலிருந்த பசை, காய்ந்த சுண்ணாம்பு போல் உதிர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தோம். சாக்கெட்டின் நெம்புகோலை உயர்த்திப் பழையதை எடுத்து, மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறியை ஒப்புநோக்கிப் புதியதை வைத்தாள் பேத்தி. வைத்தாள் என்பதே சரி, அழுத்தவில்லை. தெர்மல் பேஸ்ட்டை ஒரு பாசிப்பயறளவு நடுவில் இட்டு, விசிறியின் நான்கு கால்களையும் எதிரெதிர் மூலையாகச் சொடுக்கினோம்.

பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்றது. திரையோ இருண்டே கிடந்தது. நம் நெஞ்சு உலர்ந்துபோயிற்று. பேத்தியும் முகம் வாடினாள். கால்மணி நேரம் சென்றபின்தான், வேலைக்கு இடையூறாக இருக்கிறதென்று நாமே கழற்றிய நான்கு முனை மின்வடம் மீண்டும் பொருத்தப்படாமல் தொங்குவதைக் கண்டோம். பிராசஸருக்கு மின்சாரம் தருவதே அவ்வடம். அதைச் செருகியதும் திரை ஒளிர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

இது மாயமன்று. இந்தப் பிராசஸரும் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டமையால் நாம் லினக்ஸுக்கு மாறிவிட்டோம். ஆனால் தேநீர் நேரம் முழுதும் பிடித்த வேலை இப்போது நாம் எழுந்து நிற்பதற்குள் முடிந்துவிடுகிறது. முன்பு துணியாத அளவுக்கு நுணுக்கமாகவும் ஸ்கேன் செய்ய முடிகிறது.

அவ்வாறு ஸ்கேன் செய்த ஒரு கடிதத்தின் மடிப்பில், கறைக்கடியில் மறைந்திருந்த இரண்டு வரிகள் தெளிந்தன. கைக்குழந்தையாயிருந்த நமக்குப் பதினொரு நாள் காய்ச்சல் கண்டதென்றும், தூரத்திலிருப்பவர் கலங்குவாரென்று தணிந்த பின்பே எழுதுவதாகவும் உம்மா குறித்திருந்தார்கள். அக்காய்ச்சலைப் பற்றி நம்மிடம் ஒருவரும் சொன்னதில்லை.

அன்றிரவு அவ்வரிகளை மகனுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினோம். சற்று நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பின்னர், "அந்தப் படத்தை எனக்கும் அனுப்பி வையுங்கள் வாப்பா" என்றார். பணம் அனுப்புவது பற்றி இருவருமே பேசவில்லை.

பெட்டியில் இன்னும் அறுபது கடிதங்கள் இருக்கின்றன. இன்ஷா அல்லாஹ், அவற்றை முடிக்கும்வரை இந்தக் கணினி போதும்.