தாய்ப்பள்ளியும் தாய்மொழியும்

நாடு விட்டு நாடு செல்வதென்று தீர்மானிப்போர் பெரியோர். அத்தீர்மானத்தின் பாரத்தை நெடுங்காலம் சுமப்பதோ குழந்தை. தந்தைக்கு உழைப்பும் ஊதியமும் கிடைக்கின்றன. தாய்க்குக் கணவனோடு ஒரே கூரையின்கீழ் வாழும் பேறு கிடைக்கின்றது. நான்கு வயதுக் குழந்தைக்குக் கிடைப்பது என்ன, அதன் கையிலிருந்து நழுவுவது என்ன என்பதை ஆற அமர இருந்து எண்ணிப் பார்ப்போர் குறைவு. "குழந்தைதானே, பழகிவிடும்" என்ற ஒரே வாக்கியத்தில் அக்கணக்கு முடிக்கப்படுகிறது. குழந்தை பழகிவிடும் என்பது மெய்தான். எதனோடு பழகுகிறது, பழகும்போது எதை மறக்கிறது என்பதே நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரப் பங்குகளிலிருந்து இத்தாலி நாட்டிற்குச் சென்ற குடும்பங்கள் பல. அவற்றுள் கணிசமானவை சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் குடியேறின. உரோமையில் நாம் மேற்படிப்புப் பயின்ற 2003 முதல் 2006 வரையிலான ஆண்டுகளில், கோடை விடுமுறைகளிலும் பாஸ்காக் காலத்திலும் அங்குச் சென்று, எம் மக்களுக்குத் தமிழில் திருப்பலி நிறைவேற்றும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

உரோமையிலிருந்து சிசிலிக்குச் செல்லும் புகையிரதம் மெசினா நீரிணையை அடைந்ததும் பகுதி பகுதியாகக் கழற்றப்படுகிறது. பெட்டிகள் கப்பலுக்குள் ஏற்றப்படுகின்றன. மறுகரையில் அவை மீண்டும் கோக்கப்பட்ட பின்னரே பயணம் தொடர்கின்றது. பயணிகள் தத்தம் இருக்கையிலேயே அமர்ந்தபடி கடலைக் கடந்துவிடுகின்றனர். எம் குடும்பங்களின் பயணமும் இவ்வாறானதே. முதலில் தந்தை கழற்றப்பட்டு அக்கரை சேர்கிறார். ஆண்டுகள் சில கழிந்த பின்னரே தாயும் சேயும் அவரோடு கோக்கப்படுகின்றனர். ஆனால், இரும்புப் பெட்டிகள் போல மனித உள்ளங்கள் ஒரே உலுக்கலில் பொருந்திவிடுவதில்லை.

இத்தாலியச் சட்டம் குடும்ப ஒன்றிணைவை அனுமதிக்கின்றது. மனைவியையும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைக்க விரும்புபவர், தமக்குப் போதிய வருமானமும் குடும்பம் வாழத்தக்க வீடும் உண்டென எண்பிக்க வேண்டும். மாகாண நிர்வாகப் பணிமனை தடையின்மைச் சான்று வழங்கிய பின், தூதரகத்தில் விசா பெறப்படுகிறது. நாட்டினுள் நுழைந்து எட்டு வேலை நாட்களுக்குள் வதிவிட அனுமதிக்கான நடைமுறை தொடங்கப்பட வேண்டும். எம்மவர் நாவில் 'சொஜோர்னோ' என்று வழங்கும் அந்த அட்டைக்காக வரிசையில் நிற்காதவர் எவருமிலர். ஒருவர் வீடுகளில் துப்புரவுப் பணி செய்து, நான்கு பேரோடு ஒரே அறையில் உறங்கிச் சேமித்து, இவ்வளவையும் நிறைவு செய்வதற்குள், அவர் விட்டுவந்த கைக்குழந்தை ஓடியாடும் பிள்ளையாகிவிடுகிறது.

பலெர்மோ விமான நிலையத்தில் அத்தகைய சந்திப்பு ஒன்றை நாம் கண்ணுற்றோம். தந்தை மலர்க்கொத்தோடு நின்றார். நான்கு வயதுச் சிறுமி தாயின் சேலைத் தலைப்பினுள் முகம் புதைத்துக்கொண்டாள். அவளைப் பொறுத்தமட்டில் அப்பா என்பவர் தொலைபேசியில் வருகின்ற ஒரு குரல். அக்குரலுக்கு மீசையும் கைகளும் இருக்கும் என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. "பிள்ளை, அப்பா வந்திருக்கிறார், பார்" என்று தாய் பலமுறை கூறினாள். அவள் பார்க்கவில்லை. அம்மனிதர் மலர்களை எம் கையில் தந்துவிட்டு, பயணப்பெட்டிகளைத் தூக்குபவர் போலக் குனிந்து, கண்களைத் துடைத்துக்கொண்டார். குடும்ப ஒன்றிணைவு என்ற சட்டச் சொல் எவ்வளவு பெரிய பணியின் பெயர் என்பது அன்று எமக்கு விளங்கியது.

அடுத்த படி பள்ளிக்கூடம். இத்தாலியில் மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கென முன்பள்ளி உண்டு. ஆறு வயதிலிருந்து பதினாறு வரை கல்வி கட்டாயம். பெற்றோரின் வதிவிட ஆவணங்கள் எந்நிலையில் இருப்பினும், பிள்ளையின் கல்வியுரிமையை அந்நாட்டுச் சட்டம் மறுப்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் சட்டம் பத்துத் தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கியிருப்பதால், தடுப்பூசி அட்டையைப் பயணப்பெட்டியின் அடியில் போட்டுவிட்டுத் தேடித் திரிவதைவிட, அதனைக் கடவுச்சீட்டோடு கையில் வைத்திருப்பது நன்று. அது குறைவாயின் முன்பள்ளியில் குழந்தையைச் சேர்க்க இயலாது.

அம்முன்பள்ளியை இன்றும் இத்தாலிய மக்கள் 'ஸ்கூவோலா மத்தேர்னா' என்ற பழைய பெயரால் அழைப்பதுண்டு. தாய்மை நிறைந்த பள்ளி, தாய்ப்பள்ளி என்பது அதன் பொருள். இனிய பெயர். எனினும், எம் குழந்தைகளின் நாவிலிருந்து தாய்மொழி நழுவத் தொடங்குவது அத்தாய்ப்பள்ளியின் வாசற்படியில்தான் என்பது சிந்தனைக்குரியது. இதில் பள்ளியின் குற்றம் ஏதுமில்லை. அது தன் கடமையைச் செவ்வனே செய்கிறது. வீடு தன் கடமையைச் செய்கின்றதா என்பதே வினா.

குழந்தை மொழியைக் கற்கும் விந்தையை உலகிற்கு எடுத்தியம்பியவர்களுள் மரியா மொந்தெசோரி அம்மையார் முதன்மையானவர். 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் உரோமையின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக முதலாவது குழந்தைகள் இல்லத்தை அவர் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த அவரை இரண்டாம் உலகப் போர் தாயகம் திரும்ப விடாமல் தடுத்தது. எதிரிநாட்டவர் என்ற காரணத்தால் அவருடைய மகன் காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி, 1940-இல், மகன் விடுவிக்கப்பட்டார். அந்நிய நாட்டில் பிள்ளையைப் பிரிந்த தாயின் துயரை அவரும் அறிந்திருந்தார். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சூழலிலுள்ள மொழியை முயற்சியின்றியே தன்னுள் உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் கற்பித்தார். அக்கருத்தை விளக்கும் அவரது நூல் 1949-இல் முதன்முதலாக வெளிவந்ததும் சென்னையிலேயே.

இவ்வுண்மையை எம் மக்களின் இல்லங்களில் நாம் நேரில் கண்டோம். விமான நிலையத்தில் முகம் புதைத்த அச்சிறுமி, ஓராண்டுக்குள் பலெர்மோத் தெருவின் பேச்சைப் பாட்டுப் போலப் பேசினாள். பத்தாண்டுகளாக அங்கு வாழ்ந்த தந்தையோ வேலைக்கு வேண்டிய நூறு சொற்களோடு நின்றுவிட்டார். இதனால் வீட்டின் ஒழுங்கு தலைகீழாயிற்று. மின்கட்டணப் பட்டியலை வாசிப்பவள் அவள். வீட்டு உரிமையாளரின் கோபத்தை மொழிபெயர்ப்பவளும் அவளே. ஒருமுறை அவளுடைய தாய் நோயுற்றபோது நாமும் மருத்துவரிடம் உடன் சென்றோம். வாகனம் நிறுத்த இடம் தேடிவிட்டு நாம் உள்ளே நுழைவதற்குள், மருத்துவர் கூறியதை அக்குழந்தை தாய்க்குச் சொல்லத் தொடங்கியிருந்தாள். "அம்மாவின்ரை வயித்துக்குள்ளை ஒரு கட்டியாம். வெட்டி எடுக்க வேணுமாம்" என்று சொன்னவள் சற்று நிறுத்தி, "ஆனால் பயமில்லையாம்" என்று சேர்த்துக்கொண்டாள். மருத்துவரிடம் நாம் வினவியபோது, பயமில்லை என்று அவர் இன்னும் கூறவில்லை என்பது தெரிந்தது. அந்தச் சொல் அக்குழந்தையின் சொந்தச் சொல். அறுவைச் சிகிச்சை நலமே முடிந்தது. ஆயினும் சிறு தோள்கள் சுமக்கத் தகாத பாரம் அது.

ஆகவே புறப்படும் பெற்றோரிடம் நாம் வலியுறுத்துவது இது: நாட்டின் மொழியை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். வளர்ந்தோர்க்கு இத்தாலிய மொழி கற்பிக்கும் அரச நிலையங்கள் மாகாணந்தோறும் உள்ளன. கட்டணம் தடையாக நிற்பதில்லை. நீண்டகால வதிவிட உரிமைக்கும் மொழித் தேர்வு உண்டு. 2018-இலிருந்து குடியுரிமைக்கு அதனிலும் உயர்ந்த தேர்ச்சி கோரப்படுகிறது. தேர்வுக்காக மட்டுமன்று, உங்கள் பிள்ளை பிள்ளையாகவே இருக்கும் பொருட்டும் நீங்கள் கற்க வேண்டும்.

மறுபுறத்தில் நேரும் இழப்பை எமது பங்கிலேயே கண்டோம். மூதாட்டி ஒருவர் கைத்தொலைபேசியோடு எம் இல்லத்திற்கு வந்தார். திரையில் இத்தாலியிலுள்ள மகளின் ஒன்பது வயது மகன் இருந்தான். "சுவாமி, இவன் என்ன சொல்லுறான் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். வீட்டில் பெற்றோர் அவனிடம் அரைகுறை இத்தாலிய மொழியே பேசிவந்தனர். பள்ளியில் அவன் பின்தங்கிவிடுவான் என்ற அச்சம் அவர்களுக்கு. தன் நாய்க்குட்டியைப் பற்றியும் காற்பந்தாட்டத்தைப் பற்றியும் அவன் கூறியவற்றை நாம் தமிழாக்கினோம். அம்மம்மாவின் முழங்கால் நோவை இத்தாலிய மொழியில் அவனுக்கு உரைத்தோம். தான் பெற்றவள் பெற்ற பிள்ளையோடு அளவளாவ, ஓர் அம்மம்மாவுக்குக் குருவானவர் மொழிபெயர்ப்பாளராக நேர்ந்தது. இறுதியில் அவர், "சாப்பிட்டியோ ராசா?" என்று கேட்டார். அந்த ஒன்றிற்கு மட்டும் எம் உதவி வேண்டியிருக்கவில்லை. அவன் தலையை ஆட்டினான்.

வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் இத்தாலிய மொழி கெட்டுவிடும் என்ற அச்சம் வீணானது. நான்கு வயதுப் பிள்ளை பள்ளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இரு மொழிகளையும் தாங்கும். பெற்றோர் தாம் செம்மையாக அறியாத மொழியில் பேசுவதால் பிள்ளைக்கு இரண்டுமே குறைபடுகின்றன. கண்டிப்பதற்கும் கொஞ்சுவதற்கும், துன்பம் வரும்போது ஆறுதல் சொல்வதற்கும் நூறு சொற்கள் போதுமோ?

பல மொழிகள் ஒருங்கே வாழ்தல் அத்தீவிற்குப் புதியதன்று. பலெர்மோவின் சீசா மாளிகையில் 1149-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறைப் பலகை ஒன்று காக்கப்படுகிறது. நோர்மானிய மன்னர் உரோசரின் அரண்மனையில் பணியாற்றிய கிரிசாந்துஸ் என்னும் குருவானவர், தம் தாய் அன்னாளின் நினைவாக அமைத்தது அது. இலத்தீனிலும் கிரேக்கத்திலும் அரபியிலும், எபிரேய எழுத்தால் எழுதிய அரபியிலுமாக, நான்கு வகையில் அத்தாயின் மறைவு பொறிக்கப்பட்டுள்ளது. தன் நகரத்தார் அனைவரும் தன் தாயின் பெயரை வாசிக்க வேண்டும் என்று ஒரு மகன் விரும்பினான். அக்கல்லின்முன் நாம் நெடுநேரம் நின்றோம். மொழிகள் ஒன்றையொன்று விழுங்க வேண்டிய கட்டாயமில்லை என்று அது பேசாமற் பேசியது.

அத்தீவின் மக்களும் பிரிவை அறிந்தவர்களே. 1876 முதல் நூறு ஆண்டுகளில் இத்தாலியை விட்டு வெளியேறியோர் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர். 1956 ஆகஸ்ட் 8-ஆம் நாள் பெல்ஜியத்தின் மர்சினெல் சுரங்க விபத்தில் மாண்ட 262 பேருள் 136 பேர் இத்தாலியர். எம் குடும்பத்தாரின் கீழ்வீட்டில் வாழ்ந்த முதியவளின் இரு புதல்வர்களும் செர்மனிக்கு உழைக்கச் சென்றவர்கள். தாய் வேலைக்குப் போகும் நாட்களில் சிறுமியைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவள் அவளே. "என் பேரர்களை அங்கே யாரோ ஒருத்தி அழைத்துச் செல்கிறாள்" என்று அவள் எம்மிடம் கூறியது இன்றும் செவியில் ஒலிக்கிறது. 1624-இல் கொள்ளைநோய் பரவியபோது புனித உரோசலியாவின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட பெல்லெகிரினோ மலைக்குகைக்கு, எம் தமிழர்கள், கிறிஸ்தவரும் சைவரும் ஒருங்கே, நடந்தே ஏறிச்செல்கின்றனர். உள்ளூரார் அவர்களை அந்நியராய் நோக்குவதில்லை.

எனினும் சட்டத்தின் முன் பிள்ளை நீண்டகாலம் அந்நியனே. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வந்தவர் பத்தாண்டு வதிந்த பின்னரே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்நாட்டிலேயே பிறந்த பிள்ளையும், இடையறாது வாழ்ந்து பதினெட்டு வயதை எட்டிய பின்னரே உரிமை கோரலாம். பத்தாண்டை ஐந்தாகக் குறைக்க 2025 யூன் 8, 9-ஆம் நாட்களில் நடந்த பொதுவாக்கெடுப்பு, வாக்காளருள் பாதிப்பேர்கூட வாக்களிக்காமையால் செல்லாதாயிற்று. இத்தாலிய மொழியில் கனவு காணும் பிள்ளை, வகுப்புத் தோழரோடு சுற்றுலா செல்லவும் அட்டையைத் தேடவேண்டியிருக்கிறது. அங்கும் முழுமையாக ஏற்கப்படாமல், இங்கும் பேச நாவின்றி நிற்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது. முன்னது அரசுகளின் கையில். பின்னது எம் கையில்.

திருச்சபையில் ஒரு நல்வழக்கம் உண்டு. ஒருவர் உலகின் எம்மூலையில் உறுதிப்பூசுதலோ திருமணமோ பெறினும், அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கிற்கு அறிவிக்கப்பட்டு, பழைய பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்படும். சென்ற ஆண்டு பலெர்மோவிலிருந்து ஒரு மடல் வந்தது. அன்று சேலைத் தலைப்பினுள் முகம் புதைத்த சிறுமி, மணமகளாகத் தன் திருமுழுக்குச் சான்றிதழைக் கோரியிருந்தாள். இத்தாலிய மொழியில் எழுதியிருந்தாலும் எமக்கு விளங்கும் என்பதை அவள் அறிவாள். ஆயினும் தமிழிலேயே எழுதியிருந்தாள். எழுத்துகள் பெரியனவாய், கோடு விட்டு விலகி நின்றன. 'வாழ்த்து' என்ற சொல்லில் ழகரம் நிற்கவேண்டிய இடத்தில் ளகரம் நின்றது. வீட்டில் தந்தை ஒவ்வொரு ஞாயிறும் மாலையில் எழுதப் பழக்கினார் என்று கடைசி வரியில் குறிப்பிட்டிருந்தாள். சான்றிதழை அனுப்பிவைத்தோம். திருமண அறிவிப்பு வந்து சேர்ந்ததும், அவளுடைய பெயருக்கு எதிரே, ஓரத்தில் ஒதுக்கிய சிறிய இடத்தில், நாளையும் ஊரையும் தமிழில் எழுதினோம்.