வெள்ளம் போகும் வழி

டொரொண்டோவில், ஸ்கார்பரோ வீட்டின் பின்புறத்தில் நானே ஒரு மரப் பார் கட்டியிருந்தேன். ஆறடி நீளம், மூன்றரை அடி உயரம், எல்லாம் பைன் பலகை. அப்பாவிடம் போனில் ‘தோட்டத்து மேசை’ என்றுதான் சொல்லியிருந்தேன். அவருடைய அப்பா சாராயத்தில் இரண்டு வயலை அழித்தவர். குடிக்கிற வீட்டில் அப்பா பச்சைத்தண்ணிகூட வாங்கமாட்டார்.

ஆகஸ்டில் மூன்று கோட் பாலியூரித்தேன் அடித்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. ஏப்ரலில் பனி வடிந்தபோது பூச்சு பாளம் பாளமாக உரிந்து கிடந்தது. அடியில் மரம் கறுத்திருந்தது. கடைக்காரனைத் திட்டித் தீர்த்தேன். வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தவும் என்று டப்பாவிலேயே அச்சடித்திருந்தது. யார் படித்தது?

ஜூனில் அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்தார். நாற்பது வருடம் கதவும் ஜன்னலும் செய்த கை. பாரின் பக்கவாட்டில் திருகியிருந்த பாட்டில் ஓப்பனரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஸ்க்ரூடிரைவர் கேட்டார்.

“வெள்ளம் எங்க போவும்னு யோசிச்சியாலே மக்கா?”

தண்ணீரைத் தடுப்பதைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன். மரம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். மேலே கெட்டியாகப் படிந்த பூச்சால் கூடவே அசைய முடியாமல் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீருக்குத் திரும்ப வழியில்லை. இந்த ஊர்க் குளிரில் அது உறைந்து சுமார் 9 சதவீதம் பெருக்கும். போதாததற்கு, வெயிலின் புற ஊதாக்கதிர் மரத்தின் லிக்னினைச் சிதைத்து, பூச்சு பிடித்திருக்கும் மேற்பரப்பையே உதிரவைக்கும்.

அப்பாவுக்கு லிக்னின் தெரியாது. வெட்டுவாய் தெரியும். பலகையைக் குறுக்கே அறுத்த முனை அது. நார்க்குழாய்கள் வாய் திறந்து கிடக்கும் இடம். தண்ணீர் அதிகம் ஏறுவது அங்கேதான். நான் அங்கே ஒரே கோட்டோடு விட்டிருந்தேன்.

ஊரில் என்றால் அண்டி எண்ணெய். முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுப்பது, கறுப்பாக இருக்கும், தோலில் பட்டால் பொத்துவிடும். கூரைக் கழுக்கோலுக்கும் வள்ளத்துக்கும் அதைத்தான் பூசுவார்கள். இங்கே, வெளிமரத்துக்கென்று விற்கிற, மரத்துக்குள் இறங்கும் எண்ணெய் ஒன்றை வாங்கினோம். பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள் ஆனது. பலகைகளுக்கு நடுவே கால் அங்குலம் இடைவெளி விட்டு, மேல்பரப்பைப் பின்பக்கம் லேசாகச் சரித்து மாட்டினோம். வெட்டுவாய்களில் அப்பா திரும்பத் திரும்ப எண்ணெய் வைத்தார்.

“குடிக்கட்டும், நல்லா குடிக்கட்டும்” என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் எண்ணெய்த் துணிகளைக் கொடியில் விரித்துப் போடப் போனேன். சுருட்டி வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இந்த டப்பாவைப் படித்திருந்தேன்.

கடைசியாக, கழற்றி வைத்திருந்த ஓப்பனர். அதன் திருகாணி ஓட்டைகளிலும் மெல்லிய பிரஷால் எண்ணெய் விட்டார். பிறகு ஓப்பனரைத் துடைத்து என் கையில் தந்தார்.

“இத நீயே மாட்டிக்கோ.”