மாங்கன்று வாங்குகிறீர்களா? முடிச்சுக்குக் கீழே பாருங்கள்!

மே, ஜூன் வந்துவிட்டால் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி டீசல் வாசனையோடு மாம்பழ வாசனையும் சேர்ந்துகொள்ளும். தள்ளுவண்டிகளில் இமாம் பசந்த். தோல் மெல்லிசு, விலை மட்டும் கொஞ்சம் கனம். ஸ்ரீரங்கம் தீவிலும் சுற்றுவட்டாரத்திலும் இதற்குத் தோப்புகள் உண்டு என்பதால், திருச்சிக்காரர்கள் இதைத் தங்கள் வீட்டுப் பழமாகவே பேசுவார்கள்.

பழம் தின்றால் கன்று ஆசையும் வரும். மழை தொடங்கியதும் ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், கறுப்பு பாலிதீன் பையில் ஒட்டுமாங்கன்றை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கொட்டையை நட்டால் அதே பழம் வரும் என்று உறுதியில்லை. காய்க்கவும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒட்டுக்கன்று என்றால் மூன்று, நான்கு ஆண்டில் காய்த்துவிடும்.

அந்தக் கன்றின் அடித்தண்டில் தழும்புபோல ஒரு முடிச்சு தெரியும். அதற்கு மேலே இமாம் பசந்த். கீழே இருப்பது வேறொரு மாங்கொட்டையில் முளைத்த வேர்ச்செடி. அது என்ன ரகம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் மரம் எவ்வளவு பெரிதாகும் என்பதில் அந்த வேருக்கும் பங்கு உண்டு.

ஐரோப்பாவில் பேரி மரத்தை, குயின்ஸ் என்ற வேறொரு பழமரத்தின் வேரில் ஒட்டுகிறார்கள். மரம் குட்டையாக நிற்கும், சீக்கிரம் காய்க்கும். இங்கிலாந்தில் 1913-ல் தொடங்கிய ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம், குயின்ஸ் ஏ, குயின்ஸ் சி என்று வேர்களையே தனித்தனியாகப் பிரித்துப் பெயர் வைத்தது. வில்லியம்ஸ் போன்ற சில பேரி ரகங்கள் குயின்ஸோடு ஒத்துப்போகாது. அப்போது இரண்டுக்கும் ஒத்துப்போகும் இன்னொரு பேரியின் துண்டை நடுவில் வைத்து ஒட்டுவார்கள். சம்பந்திச் சண்டையில் ஒரு பெரியவர் நடுவே உட்காருவதுபோல!

மாவுக்கும் அப்படி ஒரு வேர் உண்டு: வெள்ளைக்கொழும்பான். ஒரே கொட்டையில் பல முளைகள் வரும், பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும். இதன்மேல் ஒட்டிய அல்போன்சா குட்டையாக வளர்ந்ததை இந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனாலும் கைக்குக் கிடைத்த கொட்டையை வேருக்குப் போடுவதுதான் பொதுவான வழக்கம்.

மாமரத்துக்குப் பழைய கணக்கு, 10 மீட்டர் இடைவெளி. அடுக்குமாடிகள் வந்த தெருக்களில் மொத்தக் கொல்லையே அவ்வளவு இருக்காது.

வீட்டில் நடக்கும் தவறுகளும் உண்டு. முடிச்சை மண்ணுக்குள் புதைப்பது ஒன்று. அதைவிட மோசம், முடிச்சுக்குக் கீழே துளிர்ப்பதைப் பார்த்து, ‘செழிப்பா வருதே’ என்று விட்டுவிடுவது. அந்தத் துளிர் வேகமாக வளர்ந்து மேலே உள்ள இமாம் பசந்தை அமுக்கிவிடும். சில வருஷம் கழித்து வேறு ஏதோ மாங்காய் காய்க்கும்; திட்டு மட்டும் நர்சரிக்காரருக்கு! கீழே துளிர்ப்பதை அப்போதே கிள்ளிவிட வேண்டும்.

குட்டை வேர் கிடைக்காவிட்டால் கவாத்துதான் வழி. இளங்கன்றிலேயே நுனியைக் கிள்ளி பக்கக் கிளைகளை வரவைக்கலாம். காய்க்கத் தொடங்கிய பிறகு, பறித்து முடித்த கையோடு கிளைகளைக் குறைத்துவிடலாம். தள்ளிப்போட்டால் அடுத்த வருஷப் பூ குறையும்.